மலை நோக்கிய பயணம்

மலையைக் கண்டு மகிழாதார் இலர். சமவெளியில் வாழ்வோர்க்குத் தொடுவானத்தில் நீலநிறமாய்த் தோன்றும் மலைத்தொடர் என்றும் ஓர் அழைப்பாகவே விளங்குகின்றது. அவ்வழைப்பை ஏற்று மலைக்குச் செல்லும் வழிகள் பல. சொந்த மோட்டார் வண்டியில் அமர்ந்து, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, சில மணி நேரத்தில் உச்சியை அடைவோர் உளர். முதுகில் ஒரு பையைச் சுமந்து, நண்பர் சிலரோடு கூடி, ஊர்மக்கள் செல்லும் புகைவண்டியிலும் பேருந்திலும் ஏறி இறங்கி, எஞ்சிய தொலைவை நடந்து கடப்போரும் உளர். முன்னவர் மலையைப் பார்த்து வருகின்றனர். பின்னவர் மலையை அறிந்து வருகின்றனர். இவ்விரண்டாம் வகைப் பயணத்தின் முறை யாது, அதனால் நமக்கும் மலைக்கும் விளையும் நன்மை யாது என்பவற்றை, நீலகிரியை எடுத்துக்காட்டாகக் கொண்டு இங்கே காண்போம்.

பண்டையோர் கண்ட மலைவழி

கூட்டமாகச் சுமையோடு மலைவழி செல்வது தமிழர்க்குப் புதிதன்று. பத்துப்பாட்டு நூல்களுள் ஒன்று மலைபடுகடாம். அது 583 அடிகளை உடையது. பெருங்கௌசிகனார் என்னும் புலவர் பாடியது. பரிசில் பெற்று மீளும் கூத்தன் ஒருவன், வறுமையோடு எதிர்ப்படும் மற்றொரு கூத்தர் கூட்டத்தை நன்னன் என்னும் மன்னனிடம் செல்லுமாறு வழிப்படுத்துவதாக அது அமைந்துள்ளது.

அக்கூத்தர்கள் தம் இசைக்கருவிகளைப் பைகளில் இட்டு, சுமையின் எடை ஒத்திருக்குமாறு கட்டிச் சுமந்து செல்கின்றனர். அவர்களுக்கு வழி கூறுவோன், மன்னனின் பெருமையை மட்டும் கூறி நிறுத்தவில்லை. வழியில் உள்ள இடர்களையும் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துரைக்கின்றான். காட்டுப்பன்றிகளுக்கென வைத்த பொறிகள் வழியில் இருக்கும். ஆதலின் இரவில் தங்கி, விடிந்தபின் செல்லுங்கள் என்கின்றான். பாசி படர்ந்த வழுக்கு நிலத்தில் மூங்கில் முதலியவற்றைப் பற்றிக்கொண்டு நடவுங்கள் என்கின்றான். புனம் காப்போர் யானைகளை ஓட்டுவதற்கு எறியும் கவண்கற்கள் பாய்ந்து வரும். மரங்களின் மறைவில் ஒதுங்கிச் செல்லுங்கள் என்றும் எச்சரிக்கின்றான். சுமையை ஒக்கக் கட்டுதல், பகலில் நடத்தல், வழியறிந்தோர் சொற்கேட்டல் ஆகிய இம்மூன்று விதிகளும் இன்றும் பழையன ஆகவில்லை.

நண்பர் குழு

மலைப்பயணத்திற்குத் தனியே செல்லுதல் தகாது; பெருங்கூட்டமாகச் செல்லுதலும் தகாது. நால்வர் அல்லது ஐவர் கூடிச் செல்வது சாலச் சிறந்தது. நால்வருள் ஒருவர்க்குக் காலில் சுளுக்கு ஏற்படின், ஒருவர் அவருக்குத் துணையாக இருக்க, ஏனை இருவர் உதவி நாடிச் செல்லலாம். ஒருவரும் தனித்து விடப்படமாட்டார். மாணவராயின், பெற்றோரின் இசைவு பெற்று, ஆசிரியரோ மூத்தவரோ உடன்வரச் செல்லுதல் வேண்டும்.

புறப்படும் முன்னரே ஒவ்வொருவரும் ஒரு தொகையைப் பொதுப்பணமாகத் தருதல் நன்று. கணக்கெழுதுவோர் ஒருவர், புகைவண்டி பேருந்து நேரங்களை அறிந்து வைப்போர் ஒருவர், மருந்துப் பெட்டியைப் பேணுவோர் ஒருவர் எனப் பொறுப்புகளைப் பகிர்ந்துகொண்டால் வழியில் மனவேறுபாடு தோன்றாது.

நடக்கும்போது விரைந்து நடப்பவர் முன்னே ஓடுவதும், மெலிந்தவர் பின்னே தளர்ந்து வருவதும் இயல்பு. இதனைத் தவிர்க்க வேண்டுமாயின், குழுவில் மிக மெல்ல நடப்பவரையே முன்னே நடக்கவிடுதல் வேண்டும். அவர் வேகமே குழுவின் வேகம் ஆகும். வலியவர் தம் வலிமையை அடக்கிக்கொள்ளப் பழகுகின்றார்; மெலியவர் தம்மால் பிறர் காத்திருக்கின்றனர் என்னும் நாணமின்றி நடக்கின்றார். வகுப்பறையில் பல நாள் கூறியும் விளங்காத ஒற்றுமைப் பாடம், ஒரு நாள் மலைநடையில் தானே விளங்கிவிடும்.

முதுகுப்பை

இரு தோள்களிலும் வார்களை மாட்டி முதுகில் சுமக்கும் பையை முதுகுப்பை என்பர். கையில் தூக்கும் பெட்டியைவிட இது பல வகையில் மேலானது. கைகள் இரண்டும் ஓய்வாக இருத்தலின், பேருந்தின் கம்பியைப் பற்றவும், வழுக்கும் பாறையில் மரக்கிளையைப் பிடிக்கவும் இயலும். எடையும் உடலின் இருபுறமும் ஒப்பப் பரவும்.

பையை அடுக்குவதிலும் ஒரு முறை உண்டு. போர்வை, மாற்றுடை போன்ற எடை குறைந்த பொருள்களை அடியில் வைத்தல் வேண்டும். எடை மிகுந்தவற்றை நடுவில், முதுகை ஒட்டி வைத்தல் வேண்டும். அவற்றை முதுகிலிருந்து தள்ளி வைத்தால் பை நம்மைப் பின்னோக்கி இழுக்கும். அதனை ஈடுசெய்ய நாம் முன்னே குனிந்து நடக்க நேரும். விரைவில் முதுகு நோவும். மழையுடை, தண்ணீர், தின்பண்டம் ஆகியவை உடனே எடுக்கத்தக்கவாறு மேலே இருத்தல் நலம். இடுப்பில் கட்டும் வார் இருப்பின் அதனை இறுகக் கட்டுக. சுமையின் பெரும்பகுதியைத் தோளினின்றும் வாங்கி இடுப்பு எலும்பு தாங்கிக்கொள்ளும்.

வளர்ந்தவர்க்கும் சுமை உடலெடையில் ஐந்தில் ஒரு பங்கிற்கு மேற்படலாகாது என்பர். 50 கிலோகிராம் எடையுள்ளவர் 10 கிலோகிராமுக்கு மேல் சுமத்தல் ஆகாது. சிறுவர்க்கு இதனினும் குறையவே வேண்டும். ஆகவே பையை ஒருமுறை அடுக்கியபின், ஒவ்வொரு பொருளையும் வெளியே எடுத்து, 'இது இல்லாமல் முடியாதா?' என்று வினவுதல் வேண்டும். கம்பளிச் சட்டை, மழையுடை, போர்வை, மாற்றுடை ஒன்று, தண்ணீர்க் குப்பி, தட்டும் குவளையும், கைவிளக்கு, சிறு மருந்துப் பெட்டி, கயிறு, துணிப்பை ஆகியவை இன்றியமையாதவை. நனைந்த பருத்தியாடை உடலின் வெப்பத்தை விரைந்து கவர்ந்துவிடும். கம்பளியோ நனைந்த நிலையிலும் ஓரளவு வெப்பத்தைக் காக்கும். தடித்த ஆடை ஒன்றினும் மெல்லிய ஆடைகள் இரண்டு மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக அணிவது நன்று. அவற்றின் இடையே தங்கும் காற்றே குளிரைத் தடுக்கும் அரணாகும்.

மேட்டுப்பாளையம் முதல்

நீலகிரிக்குச் செல்வோர் பெரும்பாலும் மேட்டுப்பாளையம் வந்தே மலையேறுவர். பவானி ஆற்றங்கரையில், மலையின் அடிவாரத்தில் அமைந்த ஊர் அது. சென்னையிலிருந்து இரவில் புறப்படும் நீலகிரி விரைவுவண்டியில் ஏறினால் மறுநாட் காலையில் அங்கு இறங்கலாம். கோயம்புத்தூரிலிருந்து பேருந்துகளும் புகைவண்டிகளும் உள்ளன. மலைக்காய்கறிகளும் உருளைக்கிழங்கு மூட்டைகளும் வந்து குவியும் சந்தை இவ்வூரில் உண்டு. மேலே விளைவது எது, கீழே தேவைப்படுவது எது என்பதை அச்சந்தையே நமக்குக் கற்பித்துவிடும்.

இங்கிருந்து உதகமண்டலத்திற்கு 46 கிலோமீட்டர் நீளமுள்ள மலை இருப்புப்பாதை செல்கின்றது. இதனை அமைக்க வேண்டும் என்னும் எண்ணம் 1854-ஆம் ஆண்டிலேயே எழுந்தது. ஆயினும் மலையின் கடுமை காரணமாக 1891-ஆம் ஆண்டில்தான் வேலை தொடங்கிற்று. 1899-ஆம் ஆண்டில் குன்னூர் வரையிலும், 1908-ஆம் ஆண்டில் உதகமண்டலம் வரையிலும் வண்டி ஓடலாயிற்று. 2005-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் இதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது.

வண்டி புறப்பட்டதும் பவானியைக் கடந்து, பாக்குத் தோப்புகளின் நடுவே கல்லாற்றை அடைகின்றது. அங்கேதான் வியப்பு தொடங்குகின்றது. வழுவழுப்பான இரும்புச் சக்கரம் வழுவழுப்பான தண்டவாளத்தின்மேல் உருளும்போது உராய்வு மிகக் குறைவு. சமநிலத்தில் அது நன்மை. செங்குத்தான ஏற்றத்திலோ சக்கரம் பற்றின்றி நின்ற இடத்திலேயே சுழலும். கல்லாற்றிற்கும் குன்னூருக்கும் இடையே, ஏறத்தாழப் பன்னிரண்டு மீட்டர் செல்வதற்குள் ஒரு மீட்டர் உயரும் அளவிற்கு ஏற்றம் கடுமையாகின்றது. இதனை வெல்வதற்கு, தண்டவாளங்கள் இரண்டிற்கும் நடுவே பற்கள் வெட்டப்பட்ட இரும்புச் சட்டங்கள் இரண்டு அடுத்தடுத்துப் பதிக்கப்பட்டுள்ளன. ஒரு சட்டத்தின் பல் இருக்கும் இடத்திற்கு நேரே மற்றதன் இடைவெளி இருக்கும். பொறியின் அடியில் உள்ள பற்சக்கரங்கள் இப்பற்களைக் கவ்வி ஏறுகின்றன. எந்நேரமும் ஏதேனும் ஒரு பல் பிடித்துக்கொண்டே இருத்தலின் வண்டி நழுவுவதில்லை. இம்முறையைக் கண்டவர் ஸ்விட்சர்லாந்து நாட்டுப் பொறியாளர் ரோமன் ஆப்ட் என்பவர்.

மற்றொன்றும் நோக்கத்தக்கது. குன்னூர் வரையில் பொறி முன்னே நின்று பெட்டிகளை இழுப்பதில்லை. பின்னே நின்று தள்ளுகின்றது. இணைப்பு அறுந்தாலும் பெட்டிகள் கீழே உருண்டுவிடாமல் பொறியே தாங்கிக்கொள்ளும் என்பதே இதன் கருத்து. ஒவ்வொரு பெட்டியிலும் தடைக்கருவியை இயக்குவோர் ஒருவர் நின்றுகொண்டே வருவார். இவ்வாறு பல்லைப் பதித்து, மணிக்கு ஏறத்தாழ 13 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஏறுகின்றது. பொறிக்கு நீர் நிரப்புவதற்காக இடையே நிற்கும்போது பயணிகள் இறங்கிக் காற்று வாங்கலாம். 16 குகைகளையும் 250 பாலங்களையும் கடந்து உதகமண்டலத்தை அடைய ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும். சமவெளியில் விரைவுவண்டி அரைமணியில் கடக்கும் தொலைவு இது. இந்த மெதுவே இப்பயணத்தின் பெரும்பேறு.

ஏனெனில், மெல்ல ஏறுபவர்க்கே மலையின் அடுக்குகள் தெரியும். கல்லாற்றில் பாக்கும் வாழையும் உள்ளன. சற்று மேலே பர்லியாற்றில் மங்குஸ்தானும் துரியனும் காய்க்கின்றன. குன்னூரை நெருங்கினால் தேயிலைச் சரிவுகள் தோன்றும். அதனையும் கடந்து கேத்திப் பள்ளத்தாக்கை அடைந்தால் படிப்படியாக வெட்டிய நிலங்களில் உருளைக்கிழங்கும் கோசும் கேரட்டும் விளைகின்றன. ஒரு நாளின் ஒரு பகுதியில், வெப்பநாடு ஒன்றிலிருந்து குளிர்நாடு ஒன்றிற்குச் சென்றதற்கு ஒப்பான காட்சி இது.

மலைப் பேருந்து

புகைவண்டியில் இடம் கிடைக்காதவர் வருந்தவேண்டுவதில்லை. குன்னூர் வழியாகவும் கோத்தகிரி வழியாகவும் பேருந்துகள் மலையேறுகின்றன. குன்னூர்ச் சாலையில் 14 கொண்டையூசி வளைவுகள் உள்ளன. மகளிர் கூந்தலில் செருகும் ஊசியைப் போலச் சாலை முற்றிலும் மடங்கித் திரும்புதலின் இப்பெயர் வந்தது. இறங்கும் வண்டி ஒதுங்கி நின்று ஏறும் வண்டிக்கு வழிவிடுதல் மலைச்சாலையின் மரபு. ஏற்றத்தில் நின்ற வண்டியை மீண்டும் நகர்த்துவது கடினம் என்பதே இதன் காரணம்.

வளைவுகளில் தலைசுற்றலும் குமட்டலும் சிலர்க்கு உண்டாகும். உட்செவியில் உள்ள சமநிலை உறுப்பு உடல் திரும்புவதை உணர்த்துகின்றது. புத்தகத்திலோ முன் இருக்கையிலோ பதிந்த கண், உடல் அசையாதிருப்பதாகக் கூறுகின்றது. இவ்விரு செய்திகளும் முரண்படுதலே குமட்டலுக்குக் காரணம். முன்புறம் அமர்ந்து, தொலைவில் உள்ள மலையை நோக்கி, வயிறு நிறைய உண்ணாமல் சென்றால் இத்துன்பம் குறையும். காது அடைத்தால் எச்சிலை விழுங்குக; உள்ளும் புறமும் காற்றழுத்தம் சமமாகிச் செவி திறக்கும்.

உதகையைச் சுற்றியுள்ள சிற்றூர்களுக்குச் செல்லும் பேருந்தில் தேயிலை பறிக்கச் செல்லும் பெண்கள், பள்ளிச் சிறார், காய்கறி விற்று மீளும் உழவர் ஆகியோர் நமக்கு உடன்பயணிகளாக வருவர். அவர்களுக்கு அது உல்லாச வண்டி அன்று. நாள்தோறும் பிழைப்புக்குச் செல்லும் வண்டி. ஆதலின் நம் பையை வழியில் வைத்து அவர்களுக்கு இடையூறு செய்யாமல், மடியிலோ இருக்கையின் அடியிலோ வைத்தல் வேண்டும். முதியோர்க்கு இடம் தருதல் வேண்டும். பணிவோடு வினவினால், எந்தப் பாதை மழையில் சேறாகும், எங்கே யானை நடமாடுகின்றது என்பவற்றை அவர்கள் கூறுவர். மலைபடுகடாத்துக் கூத்தன் செய்த பணியை இன்று செய்வோர் இவர்களே. தோடர், கோத்தர், குறும்பர், இருளர் முதலிய பழங்குடியினரும் படகரும் வாழும் நாடு அது. அவர்கள் இல்லங்களையும் கோயில்களையும் இசைவின்றிப் படமெடுத்தல் விருந்தினர்க்கு அழகன்று.

உயரத்தின் இயல்பு

மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 330 மீட்டர் உயரத்தில் உள்ளது. உதகமண்டலமோ ஏறத்தாழ 2,200 மீட்டர் உயரத்தில் உள்ளது. 1,000 மீட்டர் உயர்ந்தால் வெப்பநிலை ஏறத்தாழ ஆறரை பாகை செல்சியஸ் குறையும். ஆகவே அடிவாரத்தில் 30 பாகை வெப்பம் இருக்கும்போது, உதகையில் 18 பாகை அளவே இருக்கும் எனக் கணக்கிடலாம். திசம்பர், சனவரி இரவுகளில் அங்கு உறைபனியும் விழுவதுண்டு.

உயரம் கூடக் காற்றழுத்தம் குறைகின்றது. அதனால் உதகையில் நீர் 100 பாகையில் அன்றி, ஏறத்தாழ 93 பாகையிலேயே கொதிக்கும். நீர் கொதித்தும் அரிசி வேகக் காலம் ஆவது இதனாலேயே.

உதகையிலிருந்து பேருந்தில் சென்று இறங்கி, சில கிலோமீட்டர் நடந்தால் தொட்டபெட்டாவை அடையலாம். 2,637 மீட்டர் உயரமுள்ள அதுவே நீலகிரியின் மிக உயர்ந்த சிகரம். இப்பகுதியின் இயற்கை, புல்வெளியும் சோலையும் கலந்தது. மடிப்புகளில் குட்டையான மரங்கள் அடர்ந்து நிற்பது சோலை. மேட்டில் பரந்து கிடப்பது புல்வெளி. இரண்டும் சேர்ந்து மழைநீரைப் பஞ்சுபோல் உறிஞ்சி வைத்து, மழை நின்ற பின்னரும் சிறிது சிறிதாக வெளிவிடுகின்றன. அந்நீரே ஓடைகளாய் இறங்கிப் பவானியிலும் மோயாற்றிலும் கலந்து, இறுதியில் காவிரியை அடைகின்றது. அடிவாரத்தில் நாம் பாலத்தின்மேல் கடந்த ஆற்றின் பிறப்பிடத்தை உச்சியில் காண்கின்றோம். மலையின் ஒரு புல்வெளி அழியின், தொலைவில் உள்ள உழவனின் வயலும் அதனை உணரும்.

மலை தாங்கும் சுமை

நம் முதுகின் சுமைக்கு அளவு உண்டு என்று கண்டோம். மலைக்கும் அத்தகைய அளவு உண்டு. 2009-ஆம் ஆண்டு நவம்பரில் பெய்த கனமழையால் நீலகிரியில் பல இடங்களில் நிலம் சரிந்து, 40-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மழையில் ஊறிய சரிவு, மரமும் புல்லும் இழந்த நிலையில் தன் எடையையே தாங்கமாட்டாது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் குன்னூர், கோத்தகிரிப் பக்கம் செல்வோர் வானிலை அறிவிப்பைக் கேட்டே புறப்படுதல் வேண்டும். கோடையிலோ காட்டுத்தீயின் அச்சம் உண்டு. 2018-ஆம் ஆண்டு மார்ச்சில் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் நடைப்பயணம் சென்ற குழுவினர் தீயில் சிக்கினர். 20-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். வனத்துறையின் இசைவின்றிக் காட்டிற்குள் செல்லலாகாது என்னும் விதி நம்மைத் தடுப்பதற்கு அன்று; காப்பதற்கே ஆகும்.

கோடை விடுமுறையில் வண்டிகள் பெருகி மலைச்சாலைகளில் நெருங்கி நின்றன. ஊர்மக்கள் மருத்துவமனைக்கும் செல்ல இயலாது தவித்தனர். இதனால் சென்னை உயர்நீதிமன்றத்தின் ஆணைப்படி, 2024-ஆம் ஆண்டு மே மாதம் முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வண்டிகளுக்கு இ-பாஸ் முறை வந்தது. 2025-ஆம் ஆண்டுக் கோடையில் நீலகிரிக்கு வார நாள்களில் 6,000 வண்டிகளும், வார இறுதியில் 8,000 வண்டிகளுமே செல்லலாம் என வரையறுக்கப்பட்டது. அரசுப் பேருந்திலும் புகைவண்டியிலும் செல்வோர்க்கு இவ்வரையறை இல்லை. ஏன் என்று சிந்தித்தால் விளங்கும். நான்கு பேர் வீதம் சிறுவண்டிகளில் 48 பேர் செல்லப் பன்னிரண்டு வண்டிகள் வேண்டும். அவர்கள் அனைவரையும் ஒரே பேருந்து ஏற்றிச் சென்றுவிடும். புகையும் குறையும், சாலையை அகலப்படுத்தச் சரிவை வெட்டும் தேவையும் குறையும்.

நீலகிரி மாவட்டத்தில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை உண்டு. நம் தண்ணீர்க் குப்பியை நாமே கொண்டு சென்று, ஆங்காங்கு உள்ள குடிநீர்ப் பொறிகளில் நிரப்பிக்கொள்ளலாம். உண்டபின் எஞ்சும் தாளையும் உறையையும் துணிப்பையில் இட்டுக் கீழே கொண்டுவருதல் வேண்டும். மேலே சுமந்து சென்ற பொருளை வெற்று உறையாகக் கீழே சுமந்து வருவது கடினமன்று. நாம் எறியும் உறையை உண்ணும் கடமானுக்கும் யானைக்குமே அது கடினம்.

மாணவர்களே! மலைப்பயணத்திற்குப் பெருஞ்செல்வம் வேண்டுவதில்லை. நல்ல நண்பர் நால்வர், அளவறிந்து அடுக்கிய பை ஒன்று, பேருந்துச் சீட்டுக்கு உரிய பணம், வினவி அறியும் பணிவு ஆகியவை போதும். நாம் குறைவாகச் சுமந்தால் நம் கால்கள் நெடுந்தொலைவு செல்லும். நாம் மலையின்மேல் குறைவாகச் சுமத்தினால் மலை நெடுங்காலம் நிற்கும். வரும் விடுமுறையில் புறப்படுவோர் இவ்விரண்டு கணக்கையும் புறப்படும் முன்னரே போட்டுப் பார்ப்பாராக.